யானை எலும்பிலிருந்து சேற்றுக்குப் போனவர்கள் எந்தத் துறை?

பெறுநர்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், உயர்கல்வித் துறை அதிகாரிகள், உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுவினர்.

வணக்கம்.

மழைமானி வருவதற்கு முன்னால் மழை எப்படிப் பெய்தது என்று தேடுவது என் பிழைப்பு. தொல்காலநிலை ஆய்வு என்று இதற்குப் பெயர். ஏரிச் சேறு, சதுப்பு, குகைக்குள் வளரும் கல், மரத்தின் ஆண்டு வளையம் இவையெல்லாம் எங்களுக்கு ஏடுகள். பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக்கு வெளியே வேலை பார்க்கிறேன். என்னிடமும் என் நண்பர்களிடமும் ஆய்வு முடித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர், ஊர்ப்பக்கம் வந்து கல்லூரியில் பாடம் எடுக்கவும் ஆய்வைத் தொடரவும் விரும்புகிறார்கள். நேர்முகத் தேர்வு வரைக்கும்கூட அவர்களால் வர முடிவதில்லை. சான்றிதழ் சரிபார்ப்பு மேசையிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு மாணவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எந்த அலுவலகம் என்பதும் வேண்டாம். அவருடைய இளங்கலை, முதுகலை இரண்டும் தாவரவியல். முனைவர் பட்டம் புவி அறிவியல் துறையில். ஏனென்றால் அந்தக் காலத்தில் என்ன செடி வளர்ந்தது என்று அறிய அவர் எண்ண வேண்டிய மகரந்தம் சேற்றுக்குள் இருந்தது, அந்தச் சேற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் புவி அறிவியல் துறையில் இருந்தார்கள். தாவரவியல் பணியிடத்துக்கு விண்ணப்பித்தபோது, முனைவர் பட்டம் தொடர்புடைய பாடத்தில் இல்லை என்றார்கள். நிலவியல் பணியிடத்துக்கு விண்ணப்பித்தபோது, முதுகலை தொடர்புடைய பாடத்தில் இல்லை என்றார்கள். இணைத்தன்மைக்கு, அதாவது இந்தப் பட்டம் அந்தப் பாடத்துக்குச் சமம் என்பதற்கு, அரசாணை காட்டச் சொன்னார்கள். இப்படி ஒரு சேர்க்கைக்கு யார் அரசாணை போட்டிருக்கப் போகிறார்கள்? மேசைக்குப் பின்னால் இருந்தவர் மோசமானவர் இல்லை. விதியில் இருந்ததைச் செய்தார். டீ கூட வாங்கிக் கொடுத்தாராம்.

இனி ஊட்டிக்குப் போவோம்.

நீலகிரியின் மேட்டுநிலத்தில், புல்வெளிச் சரிவுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கும். அங்கே செத்த செடி முழுதாக மக்காது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. பீட் என்கிறோம், கறுப்பாக, நார் நாராக இருக்கும். அந்தப் பீட்டைப் பற்றி 1993இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நால்வர். முதல் பெயர் ஆர். சுகுமார், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் யானை ஆய்வாளர். இரண்டாவது பெயர் ஆர். ரமேஷ், தமிழ்நாட்டில் பிறந்து அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்துக்குப் போனவர், காஷ்மீர் மரங்களின் வளையங்களில் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளந்து தொழிலைத் தொடங்கியவர்.

யானைக்காரருக்கும் ஐசோடோப்புக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வெப்ப நாட்டுப் புற்களில் பெரும்பாலானவை ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு. மரமும் செடியும் செய்யும் வழி வேறு. வழி மாறினால் இலையில் தங்கும் கார்பன்-13இன் அளவு மாறும். இலையைத் தின்ற யானையின் எலும்பிலும் அந்த வித்தியாசம் பதியும். ஒரு யானை புல்லை அதிகம் நம்பியிருந்ததா, தழையை அதிகம் நம்பியிருந்ததா என்று செத்தபிறகு அதன் எலும்பில் பார்த்துவிடலாம். 1992இல் இருவரும் சேர்ந்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அடுத்த ஆண்டே யானையை விட்டுவிட்டு, அதே கேள்வியைச் சேற்றிடம் கேட்டார்கள். இந்த மலையில் எப்போது புல் மேலோங்கியது, எப்போது மரம் மேலோங்கியது?

சேறு பதில் சொன்னது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, நீலகிரி வறண்டு கிடந்தது. வறட்சியைத் தாங்கும் புல் ஆண்டது. பனியூழி முடிந்து பருவமழை வலுத்தபோது மரஞ்செடிகள் ஏறின. பிறகு மீண்டும் ஒரு நீண்ட வறட்சி. பனியூழியில் காற்றில் கரியமில வாயு குறைந்திருந்ததும் அந்தப் புல்லுக்குச் சாதகம். எல்லாவற்றையும் மழைக்கணக்கில் எழுதிவிட முடியாது என்பது எங்கள் துறைக்குள் இன்றும் நடக்கும் சண்டை. அது இருக்கட்டும்.

இந்தக் கட்டுரை வெறும் பழங்கதை இல்லை. சோலைக்காட்டுக்கு நடுவே பரந்து கிடக்கும் புல்வெளி, மனிதன் காட்டை அழித்ததால் வந்த பாழ்நிலம் என்ற எண்ணம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வலுவாக இருந்தது. அந்த எண்ணத்தில்தான் புல்வெளி மேல் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டார்கள். புல்வெளியோ கோடரி வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. இன்று அதே சீகையைப் பிடுங்கிப் புல்வெளியை மீட்க அரசு பணம் செலவழிக்கிறது. அந்தப் புல்வெளி நேற்று வந்ததில்லை என்பதற்கான ஆதாரம் யானையிலிருந்து வந்தது, ஐசோடோப்பு அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலிருந்து வந்தது, கார்பனை வைத்துச் சேற்றின் வயதைச் சொல்லும் கார்பன் தேதி கணிக்கும் மேசையிலிருந்து வந்தது. வனவியல் துறைக்குள் மட்டும் உட்கார்ந்திருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ரமேஷ் 1998இல் பட்நாகர் விருது பெற்றார். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையில் தொல்காலநிலை அத்தியாயத்தை எழுதிய முதன்மை ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். 2018இல் காலமானார். அவருடைய ஆய்வகத்தில் படித்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர், யானை எலும்பையும் மலைச்சேற்றையும் ஒரே ஆய்வேட்டில் எழுதிக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்தால் எந்தத் துறையில் சேர்ப்பீர்கள்? விலங்கியலா, இயற்பியலா, நிலவியலா?

இப்படித் துறை தாண்டி வந்தவர்கள் வழி காட்டியது நம் ஊரில் மட்டும் நடந்த விபத்தும் இல்லை. பூமியின் சுற்றுப்பாதை மெல்ல மாறுவதால் பனியூழிகள் வந்து போகின்றன என்று கணக்குப் போட்ட மிலூட்டின் மிலங்கோவிச், கான்கிரீட் கட்டுமானத்தில் பட்டம் வாங்கிய பொறியாளர். அவர் கணக்குச் சரி என்று கடலடிச் சேற்றை வைத்து 1976இல் உறுதி செய்தபோது அவர் இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். மருத்துவ, உயிரியல் ஆய்வுக்காக வாங்கிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. 1952 ஜூனில் கோபன்ஹேகனில் விடாமல் மழை. வீட்டுப் புல்தரையில் ஒரு பீர் பாட்டிலை வைத்து, வாயில் புனலைச் செருகி, மழைநீரைப் பிடித்தார். மழை போகப் போக அந்த நீரில் ஆக்சிஜன்-18இன் அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். குளிர்ந்த மேகத்திலிருந்து விழும் நீரில் அது குறைவாக இருந்தது. அப்படியானால் பழைய பனிக்கட்டியில் பழைய குளிர் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1954இல் எழுதினார். ஆனால் ஆழத்துப் பனிக்கட்டி யார் தருவார்கள்? கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரி என்ற இடத்தில் அமெரிக்க ராணுவத்தார் ஏறத்தாழ 1,390 மீட்டர் துளையிட்டு அடிப்பாறையைத் தொட்டது 1966இல். அந்தப் பனிக்கட்டியை நான் அளந்து தருகிறேன் என்று கேட்டு வாங்கினார். ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுக் காலநிலையைக் காட்டிய கட்டுரை வெளிவந்தது 1969இல். பாட்டிலிலிருந்து கட்டுரைக்கு 17 ஆண்டு.

உங்கள் மதிப்பெண் பட்டியலில் இந்த 17 ஆண்டு எப்படித் தெரியும்? ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணும் கட்டத்தில், எங்கள் பிள்ளைகளின் முதல் பல ஆண்டுகளுக்குப் பூஜ்யம்தான் விழும். கோர் எடுப்பது, அதாவது குழாயை இறக்கி அடுக்கு கலையாமல் சேற்றைத் தூணாக எடுப்பது, சில நாள் வேலை. வனத்துறை அனுமதிக்குச் சில மாதம். எடுத்ததைச் சென்டிமீட்டர் கணக்கில் அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் அமிலத்தில் கழுவி, சலித்து, ஸ்லைடு போட வேண்டும். ஒரு சாம்பிளுக்கு முந்நூறு மகரந்தமாவது எண்ணாமல் யாரும் நம்ப மாட்டார்கள். கார்பன் தேதிக்கு டெல்லிக்கோ அகமதாபாத்துக்கோ லக்னோவுக்கோ அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். தேதி வந்தபிறகு, அடியில் இருப்பது மேலே இருப்பதைவிடப் புதியது என்று வந்தால், எங்கோ சேறு கலங்கியிருக்கிறது. திரும்ப வேறு இடத்தில் கோர் போட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆய்வு உதவித்தொகை கிடையாது. 2023 முதல் அது தொடக்க ஆண்டுகளில் மாதம் 37 ஆயிரம், பிந்தைய ஆண்டுகளில் 42 ஆயிரம். முன்பைவிட மேல், மறுக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டில் ஒரே ஒரு நல்ல கட்டுரை எழுதியவரை, அதே காலத்தில் பன்னிரண்டு எழுதியவரோடு ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

சரி, தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை எதற்கு என்று நிதித்துறை கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்தியத் தொல்காலநிலை ஆய்வில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையைப் பற்றியது. நாட்டின் பெரும்பகுதிக்கு அதுதான் சோறு. நமக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. அந்த மழையின் நீண்ட வரலாறு மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. வடக்கே இருப்பவர்களுக்கு அது அவசரமில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. இப்படி ஒரு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? நூறா, ஆயிரமா? ஒரு நூற்றைம்பது ஆண்டு மழைப்பதிவை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது ஊகம். அணைக்கட்டு மதகும் நகரத்து வடிகாலும் அந்த ஊகத்தின் மேல்தான் நிற்கின்றன.

பதில் தேட வழி இருக்கிறது. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை நீரில் ஆக்சிஜன்-18 தென்மேற்கு மழையைவிடக் குறைவு. நம் பக்கத்து மரமோ குகைக்கல்லோ அந்த நீரைக் குடித்து வளர்ந்திருந்தால் இரண்டையும் பிரித்துப் படிக்க வாய்ப்புண்டு. கேரள மலைத் தேக்குகளின் வளையங்களை வைத்து 523 ஆண்டுகளுக்கு வறட்சிக் கணக்கை 2010இல் வெளியிட்டார்கள். அந்த வேலை புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலைக் கழகத்தில் நடந்தது. அதே ஆண்டு, ஆசியா முழுக்க மர வளையங்களைச் சேர்த்து வரைந்த வறட்சி வரைபடத் தொகுப்பு ஒன்று வந்தது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876–78 வறட்சி அதில் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் வரைந்தது நியூயார்க்கில்.

மேகாலயாவில் மாம்லூ என்றொரு குகை இருக்கிறது. அதற்குள் வளர்ந்த ஒரு கல்லை அடையாளமாக வைத்துத்தான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்று வரை நீளும் புவிக்காலத்துக்கு மேகாலயன் என்று 2018இல் பெயர் சூட்டினார்கள். உலகத்தில் எந்த மாணவன் புவிக்கால அட்டவணையை எடுத்தாலும் உச்சி வரியில் நம் நாட்டு மாநிலத்தின் பெயர். பெருமைதான். அந்தக் கல்லுக்கு வயது கணித்து ஐசோடோப்பு அளந்த 2012 ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர்கள் அமெரிக்க ஆய்வகங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல வேலை. நம்மிடம் கல் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஆய்வாளர் வேலையை விட்டுப் போனால் அவர் எடுத்த கோர்கள் என்ன ஆகின்றன? மூன்றாண்டுத் திட்டம் முடியும், மின்கட்டணம் கட்ட ஆளிருக்காது, குளிரறை நிற்கும், பிளாஸ்டிக் குழாய்க்குள் சேறு காய்ந்து வெடிக்கும். புதிதாக வரும் துறைத்தலைவர் அறையைக் காலி செய்யச் சொல்வார். இப்படிப் போன சேறுகளை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் லோனி தாம்சன் 1983இல் பெரு நாட்டின் கெல்காயா மலைப்பனியில் துளையிட்டு, ஆயிரத்தைந்நூறு ஆண்டு வரலாறு சொல்லும் பனிக்கட்டி எடுத்தார். உறைந்தபடி கீழே கொண்டுவர வசதியில்லை. மலையிலேயே உருக்கிப் பாட்டிலில் அடைத்தார்கள். புதுப் புது அளவீட்டு முறைகள் வந்தபோது பனிக்கட்டியாக எதுவும் மிஞ்சவில்லை. 2003இல் திரும்பப் போய்த் துளையிட்டார். அவருக்கு மலை இன்னும் இருந்தது. நீலகிரிச் சதுப்புகள் அப்படிக் காத்திருக்குமா? வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கேரட் போட்டுவிட்டால் பீட் காற்றுப் பட்டு மக்கிப் போகும்.

பேச்சோடு பேச்சாக ஏரிகளையும் சொல்லிவிடுகிறேன். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய் வண்டலை எடுத்துக்கொள்ள அரசு அனுமதிப்பது நல்ல காரியம். நான் அதற்கு எதிரி இல்லை. பல ஏரிகளில் பழங்காலத்திலேயே தூர் வாரியிருப்பார்கள், அங்கே அடுக்கு கலைந்திருக்கும், எங்களுக்குப் பயன்படாது. ஆனால் கைபடாத சில இடங்களும் உண்டு. டிராக்டர் இறங்குவதற்கு முன் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஒரு நாள் வந்து, நடுவில் ஒரு கோர் எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தால் போதும். அதைச் சொல்லித்தர ஒரு ஆசிரியர் அந்தக் கல்லூரியில் இருக்க வேண்டும். திரும்பவும் அதே மேசைக்கு வந்துவிட்டேன்.

ஆகவே கேட்பது இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளே தொடர்புடைய பாடம் என்பதோடு சார்புப் பாடத்தையும் ஏற்கின்றன. அறிவிக்கைகளைத் தயாரிக்கும்போது அந்தக் கதவைச் சாத்திவிடாதீர்கள். 2025 ஜனவரியில் வந்த வரைவு விதிகளை நம் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. துணைவேந்தர் நியமனத்தில் மாநிலத்தின் உரிமையில் கை வைத்த வரைவு அது, எதிர்த்தது சரி. ஆனால் முனைவர் பட்டம் எந்தப் பாடமோ அந்தப் பாடத்துக்கு ஆசிரியராகலாம், முதுகலை வேறாக இருந்தாலும் தடையில்லை என்ற ஓர் அம்சமும் அதே வரைவில் இருந்தது. பிடிக்காதவர் சமைத்தார் என்பதற்காக எல்லா உணவையும் கொட்ட வேண்டியதில்லை. அந்த ஒன்றை மட்டும் மாநிலம் தன் அதிகாரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பொருளியல் படிக்காதவர் பொருளியல் நடத்துவாரா என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் ஆய்வேட்டைப் படித்துப் பார்க்கத் துறை தெரிந்த மூவரை உட்கார வையுங்கள் என்கிறேன். பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து எழுத்தர் முடிவு செய்யும் நிலை மாறட்டும்.

கட்டுரை எண்ணிக்கைக்குப் பதிலாக, விண்ணப்பதாரரே தேர்ந்தெடுத்துத் தரும் இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். களத்தில் எடுத்த கோர்களையும் பொதுவில் வைத்த தரவையும் வேலையாகக் கணக்கில் எடுங்கள். மாநிலத்துக்கு ஒரே ஒரு குளிர்க்கிடங்கு போதும், அதை ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் ஏற்கட்டும். யார் எடுத்த கோராக இருந்தாலும் எண் போட்டு, பாதியை அங்கே வைத்தால்தான் அடுத்த தவணை நிதி என்று சொல்லுங்கள். ஓரிடத்தில் நிரந்தரமாக மின்சாரம் இருந்தால் போதும், பெரிய கட்டடம் வேண்டியதில்லை.

அறிவிக்கையில் சேர்க்க வேண்டிய பத்தியை எழுதித் தர நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம். நான்கு வரிக்கு மேல் போகாது. எந்தெந்தப் பட்டச் சேர்க்கைகள் எங்கள் துறையில் வழக்கம் என்ற பட்டியலையும் இணைத்துத் தருவோம். கூப்பிட்டால் சொந்தச் செலவில் சென்னைக்கு வருகிறோம். பருவமழைக்கு முன் கூப்பிட்டால் நல்லது. அக்டோபருக்கு மேல் எங்களில் பாதிப் பேர் களத்தில் இருப்போம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக்கு வெளியே வேலை பார்க்கும் ஒரு தொல்காலநிலை ஆய்வாளர்